கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டி வரை

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில், மரவள்ளி வண்டிகளுக்கு முறை வைக்கும் மென்பொருளை நான்தான் எழுதினேன். வாசலில் நுழைந்ததும் பெயரும் ஊரும் பதிவாகும். முறை வந்தால் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். பட்டியல் முழுவதையும் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமிலேயே வைத்திருந்தேன். டிஸ்கில் எழுதுகிற வேலையே இல்லை, அதனால் பறக்கும். அந்த வேகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுவடை உச்சத்தில் ஒரு காலை, மலைமேல் கரியாலூரிலிருந்து கிழங்கோடு இறங்கிய ஓர் அக்காவின் பெயரை அடித்தேன். பட்டியலை வைத்திருந்த டேபிளில் இடமில்லை என்று திரை மறுத்தது. கிழங்கு பிடுங்கி ஒரு நாள் ஆகிவிட்டது. அன்றைக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் கறுத்துவிடும்.

ஐந்தே நிமிடத்தில் காரணத்தைப் பிடித்தேன். ஊர்ப் பெயருக்கு ஆயிரம் எழுத்து இடம் விட்டிருந்தேன். ரேம் டேபிளில் நாலெழுத்து ஊரும் ஆயிரத்தையும் அடைத்துக்கொள்ளும். போதாததற்கு, வந்து போன பழைய வண்டிகளையும் நான் அழிக்கவில்லை. கண்டுபிடித்த குஷியில் டேபிளின் அளவைக் கூட்டி, சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். நிறுத்தினால் ரேமில் இருப்பது போய்விடும். மற்றவர்களுக்கு நானே படித்துப் படித்துச் சொல்கிற விஷயம்! திரையில் ஒரு வண்டியும் இல்லை. வெளியே நாற்பது நின்றன.

ஆளாளுக்கு நான்தான் முதல் என்பார்கள், அடிதடிதான் என்று நினைத்துக்கொண்டே வெளியே போய் உண்மையைச் சொன்னேன். அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் பெயர் பட்டியலில் ஏறவே இல்லை. நினைத்தால் எந்த இடத்தையும் கேட்டிருக்கலாம்.

"நாந்தாம்மா கடைசி. எனக்கு முன்னால அந்த நீல டிராக்டருகாரரு. அவருக்கு முன்னால யாருன்னு அவரயே கேளு."

"தியாகதுருகத்து லாரிங்க," என்றார் டிராக்டர்காரர்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பட்டியல் எங்கும் போகவில்லை! லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டி வண்டியாக ஓடினேன். ஒருவர் மட்டும் தன்னை இரண்டு இடம் முன்னே தள்ளிச் சொன்னார். "இன்னாபா, நான் டீ குடிச்சிக்கினு இருந்தப்பதான நீ வந்த?" என்று பக்கத்து வண்டிக்காரர் கேட்க, அவரே சிரித்துத் திருத்திக்கொண்டார். கடைசியில் ஒருவர், "எனக்கு முன்னால யாருமில்லீங்க," என்றார். அத்தனையையும் இந்த முறை டிஸ்கில் எழுதும் டேபிளில் ஏற்றினேன்.

அக்கா சாயங்காலம்வரை காத்திருந்தார். அவர் முறை வந்ததும் ஒலிபெருக்கிக்கு விடாமல் நானே ஓடிப்போய்க் கூப்பிட்டேன். வண்டி எடைமேடையில் ஏறியபோது விசிலடித்துவிட்டேன். மேனேஜர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டுமே. அக்கா ஒரு கிழங்கை எடுத்து ஒடித்து என் பக்கம் நீட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.