பாறையில் வைத்த எச்சில் கூழ்

எண்பத்தி மூணாம் வருஷம், பங்குனி மாசம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் மலைவாழைப்பழம் விற்கிற மாயம்மாளுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. பஸ் வந்து நின்றும் கூடையைத் தூக்கவில்லை. கண்ணெல்லாம் வளைவோரப் பாறையில் உட்கார்ந்திருந்த குரங்குகள் மேலேயே இருந்தது.

மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தபோது, பிள்ளை மிச்சம் வைத்த கூழைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஆத்தா விளையாடுற உடம்பு. அந்த எச்சிலை எவனாவது மிதித்துத் தொலைத்தால்? தினமும் கொண்டுவந்து அந்தப் பாறையில் வைத்தாள். குரங்குகள் வழித்து நக்கின. மகளுக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. இப்போது குரங்குகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, முகமெல்லாம் செம்புள்ளி.

பஸ்ஸிலிருந்து இறங்கிய மாட்டு டாக்டர் உற்றுப் பார்த்தார். "மனுசங்க அம்மை இதுகளுக்கும் ஒட்டும்மா. இனிமே கிட்ட சேக்காதீங்க."

"நல்லதுன்னு நெனச்சுல்ல வச்சேன், பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பஸ் போனதும் ஒரு தாய்க்குரங்கு, துவண்ட குட்டியை அணைத்தபடி வந்து கை நீட்டியது.

"ஏய், போ! வராத!"

நகரவில்லை. மாயம்மாள் கல்லை எடுத்து ஓங்கினாள்.

அவள் கையில் தீனியைத் தவிர வேறெதையும் அது கண்டதில்லை. கல்லை வாங்கிக்கொள்ள இன்னும் எட்டிக் கை நீட்டியது.