முதல் எண்

அந்த இரண்டு ஃப்ளாப்பிகளும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஒன்றில் ‘எடை 4’ என்று என் கையெழுத்து. மற்றதில் ‘ரசீது – புதுசு’ என்று நண்பரின் கையெழுத்து. தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, நெல் ஆலைகளுக்கான மென்பொருளை நாங்கள் இருவரும் பிரித்து எழுதிக்கொண்டிருந்த காலம். எடைபோடும் பகுதி என்னுடையது, ரசீது அடிக்கும் பகுதி அவருடையது. அவற்றைப் பஸ்ஸில் எடுத்துப்போய் ஆலைகளின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வருபவர் பாய். அதிராம்பட்டினத்துக்காரர், அண்ணன்மார் துபாயில் இருக்க, தானும் விசாவுக்குக் காத்திருந்தவர்.

பதிப்புகளுக்கு எண் வைப்பதில் எங்களுக்குள் எந்த ஒழுங்கும் இல்லை. ஏதாவது நன்றாக அமைந்துவிட்டால் நான் ஒன்றைக் கூட்டிவிடுவேன். அது ஒரு பெருமை. நான்காம் பதிப்பில் சாக்கின் எடையை என் பகுதியே கழித்துக் கொடுத்தது. நண்பரின் ரசீதுப் பகுதியும் அதைக் கழித்துக்கொண்டிருந்தது. குத்தாலம் பக்கத்து ஆலையில் பாய் இரண்டையும் சேர்த்து ஏற்றிய அன்று, மூட்டைக்கு மூட்டை சாக்கின் எடை இரண்டு முறை கழிந்தது. விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சட்டையையே பிடித்துவிட்டார். பாய் அத்தனை மூட்டைகளையும் மறுபடி தராசில் ஏற்றச் சொல்லி, கையால் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

மறுநாள் வந்தவர் கோபப்படவில்லை. அதுதான் எங்களைக் குறுக வைத்தது. “எதோட எது சேரும்னு நம்பரப் பாத்தாத் தெரியணும் மேடம். அங்க நிக்கிறவனுக்கு அது ஒண்ணுதான் வேணும்” என்றார்.

அன்று மாலைவரை வாதாடி மூன்று எண்கள் என்று முடிவானது. பிழை திருத்தினால் கடைசி எண் கூடும். புது வசதி சேர்ந்தால் நடு எண். பழைய பகுதிகளோடு சேராது என்றால் மட்டுமே முதல் எண். அதன்படி எல்லாவற்றையும் புதிதாக எண்ணத் தொடங்கி, என் நான்கு மறுபடி ஒன்றானபோது எனக்கு முகம் சுண்டிப்போனது.

சில மாதங்களில் பாய்க்கு விசா வந்தது. அதே வாரம், ரசீதுப் பகுதி எடையைப் படித்துக்கொள்ளும் கோப்பின் அமைப்பையே நான் மாற்ற வேண்டியிருந்தது. முதல் எண்ணைக் கூட்டினால் ஏழு ஆலைகளிலும் எல்லாப் பகுதிகளையும் மாற்றியாக வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புகிற மனிதரை அலைய விடுவதா என்று நடு எண்ணை மட்டும் கூட்டி ஃப்ளாப்பியை நீட்டினேன்.

“பழசோட சேருமா மேடம்?”

நான் ஃப்ளாப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்.

“அப்ப ரெண்டுன்னு போடுங்க. எனக்குப் பின்னால வர்றவருக்கு ஒங்க மனசு தெரியாது, நம்பர்தான் தெரியும்.”

“நானும் வர்றேன் பாய்.”

மூன்று நாள் இருவரும் பஸ்ஸில் அலைந்தோம். என் நிரல் ஓடும் ஆலையை நான் பார்த்ததே அப்போதுதான். குத்தாலத்தில் ஒரு விவசாயி புது ரசீதை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்து மடியில் செருகிக்கொண்டார். பாய் அந்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார்.

இப்போது நான் வேலை பார்க்கும் சென்னை அலுவலகத்தில், யாரும் எங்கும் போகாமலே பதிப்புகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. “சின்ன மாற்றந்தானே, நடு எண் போதும்” என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், பழையதோடு சேருமா என்று கேட்பேன். சிலர் திரையைப் பார்ப்பார்கள். முதல் எண்ணைக் கூட்டச் சொல்லிவிடுவேன். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.