நடுக்கம் நின்ற மனிதன்

என் தங்கையின் புருஷனுக்கு எங்கள் கேங்கில் நடுக்கம் என்று பெயர். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கிக் கண்ணாடி துடைப்பது எங்கள் பிழைப்பு. நான்தான் மேஸ்திரி. கைப்பிடிச் சுவரில் கால் வைத்ததும் இவனுக்கு முழங்கால் தந்தியடிக்கும். இடுப்பு பெல்ட்டைக் கயிற்றோடு மாட்டும் கொக்கியை இழுத்துப் பார்ப்பான், முடிச்சை இழுத்துப் பார்ப்பான், இறங்கப் போனவன் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான்.

"கயித்துக்கிட்ட இவ்ளோ கேள்வி கேக்குறீங்களே அண்ணே, பொண்ணு பாக்கப் போனப்ப இதுல பாதியாவது கேட்டீங்களா?" என்பான் கேங்கிலேயே சின்னவனான ஒல்லி.

"கேட்டிருந்தா உன் மேஸ்திரிக்கு மாப்ளயா ஆகியிருப்பேனாடா?"

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவனின் கொக்கிகளைப் பக்கத்து ஆள் சரிபார்த்துவிட்டு, "பயமா இருக்கா?" என்று கேட்பான். "இருக்கு" என்றால் இறங்கலாம். "இல்ல" என்று மார்தட்டுகிறவன் அன்றைக்குக் கீழே பக்கெட் கழுவ வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். பயம் என்பது நமக்கு முன்னால் ஓடிப்போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆள். அவன் இல்லாமல் இந்த வேலை இல்லை.

மழைக்காலத்தில் என் தங்கை செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அவன் அழவில்லை. எல்லாம் முடிந்து வேலைக்கு வந்தான். முழங்கால் ஆடவில்லை. விறுவிறுவென்று இறங்கி எல்லாருக்கும் முன்னால் முடித்தான். "அண்ணனுக்கு நடுக்கம் போச்சுடோய்!" என்று ஒல்லி குதித்தான். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. எங்கள் கேள்விக்கு அவன் "இருக்கு" என்றுதான் சொன்னான், ஆனால் பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்வதுபோல.

ஒருநாள் நான் அவன் கொக்கிகளைச் சரிபார்த்துவிட்டு நகர்ந்தேன். பக்கெட்டை நகர்த்தி வைக்க அவன் அவற்றைக் கழற்றியிருக்கிறான். திரும்பிப் பார்க்கிறேன், ஒரு கால் சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டு கொக்கியும் இடுப்பில் சும்மா தொங்குகின்றன. பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மொட்டைமாடித் தரையில் விழுந்தோம்.

"ஓ, மாட்டலையா?" என்றான். சட்டைப் பொத்தானைச் சொல்வதுபோல.

நான் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவன் எழுந்து பக்கெட்டை எடுக்கப் போனான். அன்றோடு அவனைக் கீழே பக்கெட் கழுவப் போட்டேன். அதற்கும் கோபப்படவில்லை.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அவன் மகளைப் போய்ப் பார்த்தேன். இயந்திரத்தில் தாள் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுலயும் அப்படித்தான் மாமா. பால் பொங்கி வழியுது, பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான். கயித்துல மட்டும் விட்டுடாதீங்க."

"விடமாட்டேம்மா."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன், ஆனால் எனக்கே உடம்பில் தெம்பில்லை. துக்கத்தை மட்டும் தனியாக அணைக்க வழியில்லை போலிருக்கிறது. அவன் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டான். அதோடு கோபம் போயிற்று, ருசி போயிற்று, பயமும் போயிற்று. என் தங்கைக்காக அழுவதா, இவனுக்குக் காவல் நிற்பதா என்று தெரியாமல் நாட்களை ஓட்டினேன்.

பிறகு ஒரு மத்தியானம் சாமான் அறையில் சத்தம் கேட்டது. ஓடினேன். ஒல்லியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்தான் அவன்.

"எதுலடா தொடச்ச? எதுலடா தொடச்ச நாயே?"

"கந்தலுன்னு நெனச்சேன்ணே... மேஸ்திரி, சொல்லுங்க!"

தரையில் கிடந்தது ஒரு முழங்கால் பட்டை. கண்ணாடியில் முழங்கால் இடிக்கக் கூடாதென்று பழைய போர்வையைக் கிழித்து என் தங்கை தைத்துக் கொடுத்தது. ஒல்லி அதில் சோப்புத் தண்ணீரைத் துடைத்திருக்கிறான்.

பட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். மனிதன் அழுவதுபோலவே இல்லை. அடைத்துக் கிடந்த குழாய் திறந்தது போல, முதலில் வெறும் சத்தம், பிறகுதான் கண்ணீர். ஒல்லி பயந்து வெளியே போய்விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அழுகை ஓய்ந்ததும் சட்டென்று என் கையைப் பிடித்தான். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"மச்சான்... அன்னிக்கு நான் ரெண்டு கொக்கியும் மாட்டல, இல்ல?"

"இல்ல."

"விழுந்திருந்தா... அந்தப் பொண்ணு யாருக்கிட்ட போய் நிக்கும்?"

முழங்காலிலிருந்து தோள் வரைக்கும் உதறியது. வாளியை இழுத்து வாந்தியெடுத்தான். முதுகைத் தடவினேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கயித்துல போறேன்" என்றான்.

"கிழிச்ச. இன்னும் ஒரு மாசம் பக்கெட்டுதான்."

"என்னய்யா அநியாயம் இது? நான் என்ன நேத்து வந்தவனா?"

"கத்தாத, எனக்குத் தல வலிக்குது."

பஸ் ஏறும்வரை கத்திக்கொண்டே வந்தான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, செத்துப்போனவளை நினைத்து, நெடுநாள் கழித்து நிதானமாக அழுதேன்.