மீனாச்சி பீபி வாங்க மறுத்த சாவி

வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, காலமெல்லாம் எழுதிய நான், எழுதிக் கெடுத்தது ஒரே ஒரு லெட்டர்தான். அந்த ஒன்றில் ஒரு அம்மாளின் வீடே போயிருக்கும். ஆபீசில் புதிதாகச் சேர்கிற கிராணிகள், "டிக்ளரேஷன் வாங்கி என்ன சார் பிரயோஜனம்? கையில ஒண்ணும் கிடைக்காதே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் சிரித்தேன், ரொம்ப நாள் கழித்து.

1. சாவி

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். மலாக்காவில் ஒரு இங்கிலீஷ்கார வக்கீல் துரையிடம் நான் வேலையில் இருந்தேன். ஒரு நாள் காலையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சரோங். அவர் நீட்டிய சீட்டில் மீனாச்சி என்று பெயர். நம்ம ஆள்தான் என்று, "வாங்கம்மா, உட்காருங்க" என்றேன்.

அவர் மலாயில், "எங்க சாமிக்குத் தமிழ் தெரியும், எனக்குத் தெரியாது" என்றார்.

மலாக்காவில் காஜா பேராங் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் செட்டிமார் அப்படித்தான். கோயில் நம் கோயில், பேச்சு மலாய். அந்த அம்மாளை எல்லாரும் பீபி என்பார்கள், நாம் அக்கா என்கிற மாதிரி. அவர் பேசினதை நான் தமிழில் தருகிறேன்.

பீபியின் வீடு பின்கட்டில். முன்னால் இருப்பது மளிகை வியாபாரம் செய்யும் ராவுத்தரின் வீடு. ராவுத்தர் வீட்டை ஒட்டிய சந்து வழியாகத்தான் பீபி ரோட்டுக்கு வர முடியும், வேறு வழி கிடையாது. ஆடு வந்து காயப் போட்ட இஞ்சியைத் தின்கிறது என்று ராவுத்தர் சந்தில் ஒரு கேட் போட்டுப் பூட்டிவிட்டு, பீபிக்கும் ஒரு சாவி கொடுத்தனுப்பியிருக்கிறார். பீபி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"சாவிதான் கொடுத்தாரே, அப்புறம் என்ன சண்டை?" என்றேன்.

"சண்டையே இல்லை கிராணி. சாவியை வாங்கினா, அவர் விட்டதால நான் நடக்கிறேன்னு ஆகிடும். எங்கம்மா காலத்திலேருந்து அது எங்க வழி."

"அப்போ இன்னைக்கு எப்படி வெளியே வந்தீங்க?"

"கேட் மேல ஏறி."

நான் சரோங்கைப் பார்த்தேன். ஓரத்தில் கிழிந்திருந்தது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

அடுத்து அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ராவுத்தர் தன் வீட்டைச் சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு விற்கப் போகிறாராம். அந்த ஆள் சந்து வழியையும் சேர்த்து அடைத்து மோட்டார் கொட்டகை கட்டப் போகிறாராம். கடை முதலாளியை அங்கே தவுக்கே என்பார்கள். "தவுக்கே ராவுத்தர் நல்ல மனுஷன். அவர் இருக்கிற வரைக்கும் நடந்துக்கலாம். அடுத்தவன் கொட்டகை கட்டினா நான் பறந்தா போவேன்? என் மகளுக்குன்னு இருக்கிறது அந்த வீடு ஒண்ணுதான்" என்றார். கண் கலங்கிவிட்டது.

துரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராவுத்தர் இவரைத் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. அதனால் நஷ்டஈடு கேட்க முடியாது. இந்த வழியில் நடக்க இவருக்கு உரிமை இருக்கிறது என்று கோர்ட் சொல்லட்டும், அது போதும். அதற்குப் பெயர்தான் டிக்ளரேஷன். வீடு யார் கைக்குப் போனாலும் அந்த உரிமை கூடவே போகும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஒளியாமல், சண்டை போடாமல், முக்கியமாக யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டிருந்தாலும் கேஸ் ஆட்டம் கண்டுவிடும்."

"இவங்களா கேட்பாங்க?" என்றேன் நான். பெரிய மேதாவி.

2. கைண்ட்லி பெர்மிட்

பிராது போட்டாயிற்று. வீடு வாங்கப் போகிற சிங்கப்பூர்க்காரர் ராவுத்தருக்கு ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தார். சந்தின் நீள அகலத்தை அளக்க சர்வேயர் வர வேண்டும். துரை சிங்கப்பூருக்குப் போயிருந்தார். ராவுத்தருக்கு நானே ஒரு லெட்டர் எழுதினேன். எனக்கு மரியாதை ஜாஸ்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர், லெட்டரில் 'கைண்ட்லி பெர்மிட்', அதாவது தயவுசெய்து அனுமதியுங்கள் என்று போட்டால் படிக்கிறவர் மனம் குளிரும் என்று சொல்லிக் கொடுத்தார். நானும் விடாமல் குளிரவைத்துக் கொண்டிருந்தேன். 'எங்கள் கட்சிக்காரர் மீனாச்சியும் சர்வேயரும் தங்கள் சந்து வழியாகச் செல்லக் கைண்ட்லி பெர்மிட்' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதி, துரைக்காக என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து எதிர்க்கட்சி வக்கீலிடமிருந்து காகிதக் கட்டு வந்தது. அதன் உச்சியில் என் லெட்டர்! கேட்கவே கூடாது என்று துரை சொன்ன அனுமதியை நானே கேட்டிருக்கிறேன். 'தங்கள் சந்து' என்று வேறு எழுதியிருக்கிறேன்.

துரை லெட்டரைப் படித்தார். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

பீபி விட்டுவைப்பாரா? "அலாமாக்! ரெண்டு மாசமா கேட் ஏறி முட்டியெல்லாம் சிராய்ப்பு. நீ உட்கார்ந்த இடத்திலேருந்து ஒரு தாள்ல போய்க் கேட்டுட்டியே கிராணி! உன்னை யார் கேட்கச் சொன்னா?" என்று கத்தினார்.

3. கோர்ட்டில்

கேஸ் அன்று கோர்ட் வராந்தாவில் பார்த்தால் வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பீபி செய்த கொழுக்கட்டையைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். "கிராணியாரே, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்கிறார் ராவுத்தர். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனேன்.

எதிர்க்கட்சி வக்கீல் என் லெட்டரைப் பீபியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "உங்கள் ஆபீசே அனுமதி கேட்டிருக்கிறதே?"

"கேட்டது அந்தக் கிராணி. அவர் சொந்த ஆபீசுக்குள்ளே நுழையவே 'மே ஐ கம் இன்' கேட்கிற ஆளு. அவர் கேட்டதெல்லாம் என் தலையிலயா?" என்று பீபி என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அனுப்பிய லெட்டர்களின் நகல் உள்ள ஆபீஸ் லெட்டர் புக்கைக் கொண்டுவரச் சொன்னார். கூண்டில் ஏறினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, சத்தமாகப் படித்தார். வண்டியால் இடித்த ஒருவருக்கு: 'உங்கள் மேல் பிராது கொடுக்கக் கைண்ட்லி பெர்மிட்.' குடியிருந்தவருக்கு: 'உங்களை வீட்டைவிட்டு வெளியேற்றக் கைண்ட்லி பெர்மிட்.' இன்னொன்று அந்தக் கோர்ட்டுக்கே போனது: 'தங்கள் கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தி ஓடுவதைச் சொல்லக் கைண்ட்லி பெர்மிட்.'

ஜட்ஜ் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு மானம் போனது. ஆனால் 'இது அனுமதி அல்ல, இந்த மனிதரின் வியாதி' என்று ஜட்ஜ் எழுதிக்கொண்டபோது எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து ராவுத்தர் ஏறினார். "இந்த அம்மாள் எப்போதாவது உம்மிடம் அனுமதி கேட்டதுண்டா?" என்றார் ஜட்ஜ்.

ராவுத்தர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "எங்கேங்க கேட்டாங்க? நான் வீடு வாங்கின அன்னைக்கே இவங்கம்மா கூடையோட சந்துல வந்துக்கிட்டிருந்தாங்க. முப்பது வருஷம் ஆச்சு. இவங்க சாவியைக்கூடத் தொடலை, கேட் மேல ஏறுறாங்க. விழுந்து கைகால் உடைஞ்சா பாவம்னு, ரெண்டு பக்கமும் நான்தான் கோணிச் சாக்கு விரிச்சு வைச்சேன்."

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு சின்னது. அந்தச் சந்தில் நடக்க மீனாச்சிக்கும், அவருக்குப் பின் அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் உரிமை உண்டு என்று கோர்ட் அறிவிக்கிறது. நஷ்டஈடு இல்லை, ஜப்தி இல்லை, அமீனா இல்லை. சிங்கப்பூர்க்காரர் விஷயம் கேள்விப்பட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். ராவுத்தர் வீட்டை விற்கவில்லை.

4. முத்திரை போட்ட காப்பி

ஒரு வாரம் கழித்து, முத்திரை போட்ட காப்பியை எடுத்துக்கொண்டு நானே காஜா பேராங் போனேன். கேட் திறந்தே கிடந்தது. சந்து முழுக்க ராவுத்தர் மிளகாய் காயப் போட்டிருந்தார். அந்தப் பக்கம் பீபி கூடையோடு நின்றுகொண்டு, "தவுக்கே, நான் இப்படியே போகலாமா?" என்று குரல் கொடுத்தார்.

எனக்குப் பதறிவிட்டது. "பீபி! கேட்காதீங்க! வாயை மூடுங்க!" என்று ரோட்டிலிருந்தே கத்தினேன்.

பீபிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எதுக்குப் பயப்படுறே கிராணி? போன மாசம் கேட்டிருந்தா என் வீடு போயிருக்கும். இப்ப என் வழின்னு கோர்ட்டே சொல்லியாச்சு, எவ்வளவு வேணும்னாலும் கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்க முடியாம மூணு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

ராவுத்தர் ஓடிவந்து மிளகாயை ஓரமாகத் தள்ளினார். "உங்க வழி பீபி, என்னை எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

டிக்ளரேஷனில் கையில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தச் சந்து வழியைத்தான் சொல்வேன். நானும் அன்றோடு திருந்தினேன். எந்த லெட்டரிலும் பேனாவை வைக்கும் முன், இது நாம் கேட்க வேண்டியதா, சொல்ல வேண்டியதா என்று ஒரு தடவை யோசிப்பேன். பீபி வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் மகள் கல்யாணத்துக்கு அந்தச் சந்து வழியாகப் போனபோது, கேட் பக்கத்தில் நின்று, "மே ஐ கம் இன்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.