மிதி, விடு

பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே யாரோ கண்ணயர்ந்திருப்பதுபோலக் கதவை மெல்லச் சாத்துகிறார் ஸ்பேனரக்கா. முன்பக்கம் போய்க் குனிகிறார். ஆளில்லாத காரைப் பார்த்து, "மிதிச்சுக்கோ" என்கிறார். நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரில் உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டுத் தம் கட்ட, துருவேறிக் கிடந்த பெரிய போல்ட் 'ணங்'கென்று இளகுகிறது. "விடு" என்கிறார். விடுவதற்கு யாருமில்லை. அவரே எழுந்து போய்க் கட்டையை எடுக்கிறார்.

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவது இரண்டு ஆள் வேலை. போல்ட்டைத் திருகினால் இன்ஜினும் கூடவே சுற்றும். அதைச் சுற்றவிடாமல் நிறுத்த, டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பேனரக்காவுக்கு அந்த இன்னொருவர் ஒரு கட்டைதான்.

'ஸ்பேனரக்கா' தெரு வைத்த பெயர். கேலியாக வைத்தது, இப்போது கேலி தேய்ந்து பெயர் மட்டும் நிற்கிறது. ஒரு காது ஒடிந்த மூக்குக்கண்ணாடியைக் கம்பியால் கட்டிப் போட்டிருப்பார். டீ கிளாஸைப் பழைய பேரிங் ஒன்றால் மூடி வைத்துவிட்டு, குடிக்க மறந்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் அவர் தலைக்கு மேலாக ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். "உள்ள இருக்காங்க, கூப்பிடறேன்" என்று சொல்லி உள்ளே போவார். கையைத் துடைத்துக்கொண்டு அதே வாசல் வழியாகத் திரும்பி வந்து, "சொல்லுங்க, வண்டிக்கு என்ன?" என்பார். பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஆம்பளைக் கைபட்டால்தான் ஓடுவேன் என்று எந்த இன்ஜினும் இதுவரை அடம்பிடித்ததில்லை. அடமெல்லாம் ஓட்டுகிறவர்களுக்குத்தான்.

ஷெட்டை முதலில் நடத்தியவர் கணவர். அவர் இருந்த காலத்தில் அடுப்படியிலிருந்து இவரைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைப்பார். "மிதி" என்பார். "விடு" என்பார். ஒரு கல்யாண வாழ்க்கை முழுக்க ஒரு பெண்ணுக்குத் தொழிலில் கிடைத்த வார்த்தைகள் இரண்டே இரண்டு. ஸ்பேனரைத் தொடவிட்டதில்லை. ஆனால் தூக்கிய பானெட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். அந்தச் சந்து வழியாகப் பார்த்தே இவர் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் ஜாக்கி நழுவி, கணவர் காருக்கடியிலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த இவர் நிமிர்ந்து, "விதியில்ல. அடியில ஸ்டாண்டு வைக்கல" என்றார். புருஷனைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது என்று சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று போன உறவுகள் பல திரும்பி வரவே இல்லை. அவரும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. பெல்ட் அறுந்து நடுவழியில் நின்ற காரைக் கட்டி இழுத்து வந்து, "என் கெட்ட நேரம்க்கா" என்று யாராவது புலம்பினால், "நேரமெல்லாம் இல்ல. ரப்பர்" என்பார். "வயசானா அறும். அறுந்தா உள்ள வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். முன்னாடியே பாத்திருந்தா இன்ஜின் பொழச்சிருக்கும்."

இன்று வந்திருப்பது நர்ஸம்மாவின் கார். எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். கார் ஓடிய ஓட்டத்துக்கு மீட்டரே சலித்து நின்றுபோயிருக்கிறது. பழைய பெல்ட்டைக் கழற்றி வளைத்துக் காட்டினார் ஸ்பேனரக்கா. பல்லுக்குப் பல் விரிசல். "எந்த நம்பிக்கையில ஓட்டினீங்க?" நர்ஸம்மா, ஒரு டயர்மேல் உட்கார்ந்தபடி, "நீங்க இருக்கீங்கன்னுதான்" என்றார்.

கொழுந்தனும் வந்து நின்றிருந்தார். ஷெட்டை டயர் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நேற்றே பேச்சு முடிந்திருந்தது: "அண்ணி, பெல்ட்டு வேலை வெளையாட்டில்ல. ஒரு இன்ஜின் உங்க கையில போச்சுன்னா அண்ணன் பேரும் சேந்து போயிடும். நாளைக்கு வர்ற வண்டிய சுத்தமா முடிச்சுக் குடுங்க, நான் அப்புறம் வாயே தொறக்கல. கொஞ்சம் பிசகினாலும் ஷெட்டுச் சாவி என் கைக்கு வரணும்." பத்திரம் கொழுந்தன் பெயரில். உழைப்பு யார் பெயரில் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை. அண்ணி சரியென்று தலையாட்டியிருந்தார்.

புது பெல்ட்டை மாட்டி, அது சுற்றும் மேல் சக்கரத்துப் புள்ளியையும் கீழ்ச் சக்கரத்துப் புள்ளியையும் அதனதன் குறிக்கு நேராக வைத்து, இழுவையைச் சரிபார்த்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். சுற்றினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கீழ்ப் புள்ளி குறியில் நின்றது. மேல்புள்ளி ஒரு பல் தள்ளி நின்றது.

ஒரே ஒரு பல். அப்படியே மூடினாலும் வண்டி கிளம்பும். மேடேறும்போது மூச்சுவாங்கும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். பழைய வண்டி அப்படித்தான் என்றால் நர்ஸம்மா நம்பிவிடுவார். கொழுந்தனுக்குப் புள்ளியும் தெரியாது, பல்லும் தெரியாது. மூடியைப் போட்டால் ஷெட் மிஞ்சும்.

"ஒரு பல்லு தப்பிடுச்சு" என்றார் உரக்க. "கழட்டி மாட்டணும்."

கொழுந்தன் கையை நீட்டினார். "நானா சொல்லல அண்ணி, நீங்களே சொல்லிட்டீங்க. சாவி."

"வண்டிய முடிச்சுட்டுத் தரேன்."

"எதுக்கு சாவி?" என்றார் நர்ஸம்மா. கொழுந்தன் விளக்கினார். நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டார். "ஊசி போடறதுக்கு முன்னாடி மருந்துச் சீட்டையும் பாட்டிலையும் நாங்க மறுபடி ஒருதடவ பாக்கிறோம். மாறியிருந்தா மாத்திக்கிறோம். அதுக்குப் பேரு பிசகா? பாக்காம குத்திட்டுப் போறவங்கதான் உங்களுக்குத் தோதுன்னா, நான் வந்து ஊசி போடற உங்க வீட்டுப் பெரியம்மாவுக்கு நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்குங்க."

நீட்டிய கை எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போனது. "நான் என்ன, நல்லதுக்குத்தான் சொன்னேன்…" என்று முனகியபடியே கொழுந்தன் தெருவில் இறங்கினார். சாவி அக்காவின் இடுப்பிலேயே இருந்தது.

அக்கா பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு பல் நகர்த்தி, மறுபடி இரண்டு சுற்று சுற்றினார். இம்முறை இரண்டு புள்ளியும் குறியில் நின்றன. மூடியைப் போட்டார். பெரிய போல்ட்டை இறுக்குவதுதான் பாக்கி. கியரை டாப்புக்கு மாற்றிவிட்டு, கட்டையை எடுக்க நகர்ந்தார்.

நர்ஸம்மா அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். "எதுக்கு அந்தக் கட்டை? நான் சும்மாதானே இருக்கேன். மிதிக்கட்டுமா?"

அக்கா கட்டையைச் சுவரில் சாய்த்தார். முன்னால் போய்க் குனிந்தார்.

"மிதிங்க."

ஸ்பேனரில் பாரத்தைப் போட்டார். போல்ட் ஒரு முனகலோடு இறுகி நின்றது. இதற்குமேல் இறுகாது என்று அவர் கைக்குத் தெரியும்.

"விடலாமா அக்கா?" என்றது சீட்டிலிருந்து குரல்.

இறுகிவிட்ட போல்ட்டின்மேல் ஸ்பேனரைப் பிடித்தபடியே, பானெட் சந்து வழியாக அந்த முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் மிதிச்சுக்குங்க" என்றார்.