வேகமாகப் பேசியவன்

நியூ ஜெர்ஸியில் நாங்கள் தங்கியிருந்ததைக் கெஸ்ட் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு சாதாரண அபார்ட்மென்ட். எங்களை விசாவில் அழைத்துவந்த கன்சல்டன்சி, ப்ராஜெக்ட் கிடைக்காத பெண்களை அங்கே வைத்திருந்தது. தரையில் மெத்தைகள், ஒரு ரைஸ் குக்கர், ஸ்பீக்கர் வைத்த ஒரு போன். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் பட்டியல் போடுகிற ஆள் நான். அந்த வீட்டில் பட்டியல் அதற்குமேல் நீளவில்லை.

எனக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தவர் பாளையங்கோட்டைக்காரர். அக்கா என்று கூப்பிடுவேன். மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் வேலையில் கெட்டி. ஆனால் போன் இன்டர்வியூவில் எதிர்முனையில் பேசுவது அவருக்குப் புரியாது. ஒருமுறை “பார்டன்” என்பார். இன்னொரு முறையும் கேட்பார். அதற்குமேல் கேட்கக் கூசி, “யெஸ்” என்றுவிடுவார். இன்டர்வியூ அந்த யெஸ்ஸோடு முடிந்துவிடும். ஊரில் கணவரும் சின்ன மகளும் இருந்தார்கள். ப்ராஜெக்ட் கிடைத்தால் அவர்களை அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கன்சல்டன்சி டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அக்காவின் மகள் ஒவ்வொரு போனிலும் எப்போது ப்ளேன் ஏறலாம் என்று கேட்பாள்.

கன்சல்டன்சிக்காரரிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. அப்போது பல கெஸ்ட் ஹவுஸ்களில் நடந்ததுதான். வாய் உள்ளவர் வாய் இல்லாதவர் பெயரில் போனில் பேசிவிடுவது. ஒருநாள் அவர் வந்து, அடுத்த இன்டர்வியூவை அக்கா பெயரில் நான் எடுக்க வேண்டும் என்றார். அமெரிக்கர்கள் காதுக்கு நம் குரல் எல்லாம் ஒன்றுதான் என்று சிரித்தார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“போன்ல இவ பேசிருவா சார். திங்கக்கிழம காலைல அந்த ஆபீஸ்ல போய் நிக்கது நாந்தான?”

அவர் “உங்க இஷ்டம்” என்று கிளம்பிவிட்டார். அடுத்த இன்டர்வியூவிலும் தேறாவிட்டால் டிக்கெட்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கீழ் வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் காரைக் கழுவும்போது கதவுகளைத் திறந்துவைத்து ஒரு ராப் பாடகனின் கேசட்டைப் போடுவார். அவன் அப்போது புதியவன், முதல் ஆல்பம்தான் வந்திருந்தது. தன் அம்மாவின் சமையலறையில் வைத்துப் பதிவு செய்தானாம். வராத பஸ், வாடகை கேட்டு வந்து நிற்பவன், தம்பியின் ஷூ என்று அவன் பேசியதெல்லாம் ஒரு வீட்டுக்குள் நடப்பவைதான். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் பேசினான். அக்கா ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு என்னிடம் அந்தக் கேசட்டை வாங்கிவரச் சொன்னார்.

“அக்கா, அவன் ஸ்லாங்ல பேசறான். ஆபீஸ்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க.”

“இருக்கட்டும்ட்டி. இவன் பேசுதது புரிஞ்சா மேனேஜர்லாம் எம்மாத்திரம்.”

அன்றிலிருந்து அதுதான் அவருக்கு வேலை. கீழ் வீட்டில் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரோடு காதை ஒட்டி, ஒரு வரியை ஓடவிட்டு நிறுத்துவார், திருப்புவார், மறுபடி ஓடவிடுவார். புரியாததைக் கேட்க மாடிப்படி இறங்கிப் போவார். கீழ் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்களாம்.

டெக்ஸாஸிலிருந்து அழைப்பு வந்தபோது நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எதிர்முனையில் இருந்த மேனேஜர் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, ஆற அமரப் பேசினார். அக்கா முகத்தில் ஆச்சரியம் பரவியது. ஒருமுறைகூட பார்டன் இல்லை. அவர் கேள்வியை முடிப்பதற்குள் இவர் பதிலோடு காத்திருந்தார். போனை வைத்தபின் அக்கா சொன்னார்: “நம்ம ஆளு இந்நேரம் ரெண்டு பாட்டு முடிச்சிருப்பான்.”

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது, டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு டெலிகாம் கம்பெனியில். இரண்டாயிரம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடும் என்று, அதற்குள் பழைய ப்ரோக்ராம்களைத் திருத்த வேண்டியிருந்ததால் எனக்கும் அங்கேயே இடம் கிடைத்தது. அக்காவின் கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த ராப் பாடகன் பெரிய ஆளானது எங்கள் டெக்ஸாஸ் வருடங்களில்தான். இரண்டாவது ஆல்பம் சிக்னலில் நிற்கிற கார்களில் எல்லாம் கேட்டது. க்ராஸரி ஸ்டோர் வரிசையில் பத்திரிகை அட்டைகளில் அவன் முகம். முதல் கேசட்டின் அட்டையில் இருந்த முகமாக இல்லை அது.

ஒரு லாங் வீக்கெண்டில் ஹூஸ்டனைத் தாண்டி இருக்கும் பேர்லேண்ட் கோவிலுக்குப் போனோம். காரில் அவன் கேசட்தான் ஓடியது. எங்களோடு வந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஹூஸ்டன் வரைக்கும் பொறுத்துக்கொண்டார். பிறகு, கோவிலுக்குப் போகும்போது ஒருத்தன் இப்படித் திட்டுவதைக் கேட்கவேண்டுமா என்று கேட்டார்.

“திட்டல ஆன்ட்டி,” என்றார் அக்கா. “வாடகை கேட்டு வந்தவன்கிட்ட அடுத்த வாரம் தாரேன்னு சொல்லுதான். அம்மா உள்ள தூங்குதா, சத்தம் போடாதங்கான்.”

ஆன்ட்டி கொஞ்ச நேரம் கேட்டார். “சத்தம் போடறது இவன்தானேம்மா,” என்றார். அக்கா கோவில் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது ஆல்பம் வந்தபோது நாங்கள் வேறு வேலைக்குக் கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவுக்கு மாறியிருந்தோம். அவன் பெயரில் சட்டைகள் விற்றார்கள். ஆல்பம் முழுக்க வக்கீல்கள், மேனேஜர்கள், முதுகுக்குப் பின்னால் பேசிய நண்பர்கள். பேச்சின் வேகமும் குறைந்திருந்தது. அக்கா அதை ஒரே தடவை கேட்டார். “முன்ன அவசரமாச் சொல்லதுக்கு அவங்கிட்ட ஏதோ இருந்துச்சு,” என்றார். அப்போது எங்களுக்கும் அசதிதான். காலையில் ஃப்ரீவே நெரிசலில் நிற்போம், சாயங்காலம் எதிர்ப்பக்கம் நிற்போம். வார இறுதியில் துணி, மளிகை, வங்கி, அம்மாவுக்கு போன். பட்டியலை அடித்துமுடித்தால் திங்கட்கிழமை வந்துவிடும். கிரீன் கார்டுக்கு இன்னும் யார் பேப்பரும் நகரவில்லை. இனிமேல் பாடப்போவதில்லை என்று அவன் டிவியில் சொன்னதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம்.

அவன் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் திரும்பி வந்தான். அதற்குள் டாட்காம் கம்பெனிகள் சரிந்து எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்திருந்தன. நான் கடைக்குப் போனபோது அவனுடைய புது ஆல்பம் வாசலருகே தள்ளுபடிக் கூடையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு அந்த வாரம்தான் வேலை போயிருந்தது. வேலை போனால் விசாவும் போகும். மகள் ஸ்கூல் ப்ராஜெக்டில் பசை தடவிக்கொண்டே ஆல்பத்தை எட்டிப் பார்த்தாள். “அம்மா, நோபடி லிஸன்ஸ் டு ஹிம் எனிமோர்,” என்றாள்.

அந்த நாட்களில் அக்காவுக்கு ஒரே ஒரு போன் இன்டர்வியூ வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன், பழக்கதோஷம். சமையலறையில் நின்றபடி பேசினார். எதிர்முனையில் இருந்த பெண் படபடவென்று பேசினாள். எனக்கே அங்கங்கே தவறியது. அக்காவுக்குத் தவறவில்லை. ஒரு கேள்விக்கு அவளையே சிரிக்கவைத்தார். கடைசியில் அந்தப் பெண், எல்லாம் மிகப் பிடித்திருப்பதாகவும், ஆனால் அந்த இடத்துக்கு இப்போது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டதாகவும், காலையில்தான் தனக்கே தெரியும் என்றும் சொன்னாள்.

அக்கா நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

“ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுட்டுட்டி,” என்றார். பிறகு குழம்பை இறக்கிவைத்தார்.

வேறு வேலை கிடைக்காமல் ஊர் திரும்பிய அவர்களை ஏர்போர்ட்டுக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். பின்சீட்டில் கணவரும் மகளும், அவர்கள் மடியில் பெட்டியில் அடங்காத சாமான்கள். ஸ்கூலில் யாருக்கும் பை சொல்லவில்லை என்று மகள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, என் டேஷ்போர்டில் கிடந்த அந்த முதல் கேசட்டைத் தானே எடுத்துப் போட்டார். பஸ் வரவில்லை, வாடகை கேட்பவன் வந்துவிட்டான். அவன் பழையபடி மூச்சு விடாமல் பேசினான். அக்கா குனியவில்லை, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோகவில்லை. சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டார்.

பாட்டை நிறுத்தலாமா என்று பின்னாலிருந்து அவர் கணவர் கேட்டார். நிறுத்தினால் அக்கா எழுந்துவிடுவார் என்று அப்படியே ஓடவிட்டேன்.