சுடலைமணியின் தோக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்குச் செய்தி வந்தபோது சுடலைமணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஸ்டூல், காலடியில் எண்ணெய்ப் புட்டி, மனைவி இசக்கிசெல்வியின் பழைய சேலைத் துணி. குழலுக்குள் ஒரு துளி அழுக்கு தெரிந்தால்கூடச் சாயா தள்ளிப்போகும், முதலில் தோக்குதான். துப்பாக்கியை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"சேட்டா, லைசென்ஸை நிறுத்தி வச்சிருக்கு. தோக்கை ஸ்டேஷன்ல கொண்டு வைக்கணும்," என்றான் வாசலில் வந்து நின்ற கான்ஸ்டபிள் ஜிதின், கொஞ்சம் கூச்சத்தோடு.

பட்டாளத்தில் பதினேழு வருடம். பிறகு தோப்பும்படியில் ஒரு கூட்டுறவு வங்கியின் வாசலில் துப்பாக்கிக் காவல், பதினோரு வருடம். வங்கிக்கு வந்தபிறகு அவர் ஒரு தடவையும் சுட்டதில்லை. ஒருமுறை வாசலில் கொக்கை விரட்டினார். அதுவும் கை தட்டித்தான். தோட்டாக்கள் வங்கி லாக்கரில் இருக்கும். ஆனாலும் துப்பாக்கியை விட்டு இரண்டடி விலக மாட்டார். சாப்பிடும்போது முழங்கால்களுக்கு நடுவே நிற்கும். படகில் ஏறினால் அதற்குத்தான் முதலில் இடம்.

"எவன் தூக்கிட்டுப் போகப்போறான் இதை? உலக்கை மாதிரி இருக்கு. என்னையக்கூட இப்படிப் பத்திரமாக் கூட்டிட்டுப் போனதில்ல," என்பாள் இசக்கிசெல்வி.

அந்தப் பழக்கம்தான் வினையாயிற்று. துப்பாக்கியை நீட்டி மிரட்டுகிறார் என்று பக்கத்து வீட்டு ஷைலஜா கோர்ட்டுக்குப் போயிருந்தாள். விசாரணை நாளன்று இவர் வங்கிப் பணத்தைக் கொண்டு சேர்த்துவிட்டு நேரே அங்கே போனார். துப்பாக்கியோடு உள்ளே விட மறுத்தார்கள். எதிரே சாயாக்கடையில் வைத்துவிட்டு வரச் சொன்னார் வாசலில் நின்ற போலீஸ்காரர்.

"தோக்கை சாயாக்கடையில வைக்கவா? நீரு உம்ம தொப்பிய அங்கன வச்சிட்டு வாரும், பாப்போம்!"

உள்ளே மாடியிலிருந்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் தெருவில் விறைப்பாக நின்று "உண்டு சாரே!" என்று ஆஜர் சொன்னார். மாடிக்குக் கேட்கவில்லை. ஆள் வரவில்லை என்று ஒருதலையாகத் தடை உத்தரவு போட்டார்கள்: ஆறு மாதத்துக்கு அவர் மதிலைத் தாண்டி ஷைலஜா வீட்டுப் பக்கம் போகக் கூடாது. அதன் பின்னாலேயே துப்பாக்கி உரிமமும் நின்றது. மாதக் கடைசிக்குள் அது திரும்பாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக வங்கி சொல்லிவிட்டது.

ஆனால் உரிமத்தை அடியோடு ரத்து செய்யுமுன் அவர் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். காக்கநாட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் உரிமம் கொடுக்கும் அதிகாரி அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அங்கே வரவழைத்திருந்த ஷைலஜாவிடம் திரும்பினார்.

"அன்னைக்கு இவர் கோர்ட் வாசல்ல நின்னதைக் கண்டீங்களா?"

"கண்டேன், மேடம். தோக்கும் பிடிச்சு வெயில்ல நிக்கிறாரு. அதைக் கண்டு பயம் கூடிப்போச்சு." பிறகு அவள் குரல் தணிந்தது. "அண்ணன் மோசமான ஆளொண்ணும் இல்ல. ஆனா எல்லா ஞாயிறாழ்ச்சையும் நான் அடுக்களை ஜன்னலைத் திறந்தா, ரெண்டு ஓட்டை என்னையே பாக்குது."

கிழக்கு வெளிச்சத்துக்காகத்தான் சுடலைமணி குழலை அந்தப் பக்கம் பிடிப்பார். இத்தனை வருடமும் அதை இந்த முனையிலிருந்தே பார்த்தவர்.

"அப்படி யோசிக்கல, தாயீ," என்றார்.

உரிமம் திரும்பி வந்தது. துப்பாக்கியை அவள் கண்ணில் படாமல் துடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. தடை உத்தரவு கோர்ட்டினுடையது. அது அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு முற்றத்தை மறைக்க நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கிவந்து, ஒரு முனையைத் தன் வீட்டுத் தூணில் கட்டினார். மறுமுனைக்கான கொக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் ஷைலஜாவின் வீட்டுச் சுவரில் இருந்தது.

"இங்க வந்து கெட்டிக்கோ, அண்ணா. நான்தானே விளிக்கிறேன்," என்றாள் அவள்.

"கோர்ட்டு கூப்பிடலயே."

"கோர்ட்டு கூப்பிட்டப்ப மட்டும் போயிட்டீராக்கும்!" என்றது உள்ளிருந்து இசக்கிசெல்வியின் குரல்.

சுடலைமணி தார்ப்பாய்க் கயிற்றின் நுனியை, அவளே எடுத்துக் கட்டட்டும் என்று மதில்மேல் வைத்தார். மூன்றடி பின்னால் நகர்ந்து, கைகளைப் பின்னுக்குக் கட்டி, பட்டாளத்தில் நிற்பதுபோல நின்றார். ஷைலஜா சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். கயிற்றின் அந்த நுனி கட்டப்படாமல் மதில்மேலேயே கிடந்தது.